நட்சத்திரத்தை இறக்கச் சொல்வது யார்?

டிசம்பர் பிறந்துவிட்டால் நகரத்துத் துணிக்கடை வாசல்களில் சிவப்புக் குல்லாய் போட்ட தாத்தா வந்து நிற்கிறார். கேக் கடைகளில் கூட்டம். கட்சிகள் ஆளுக்கொரு கிறிஸ்துமஸ் மேடை போட்டு, ஆயர்களுக்குச் சால்வை போர்த்தி, கேக்கை வெட்டி ஊட்டி, மறுநாள் பத்திரிகையில் படம் வரும்படி பார்த்துக்கொள்கின்றன. ‘கிறிஸ்துமஸ் முன்னைவிட அமோகமாத்தானய்யா நடக்குது, இதுல உனக்கு என்ன குறை?’ என்று தோழர்கள் சிலர் கேட்டார்கள். குறை இருக்கிறது தோழர்களே. அதைப் பார்க்க வேண்டுமென்றால் மேடையை விட்டு இறங்கிச் சேரித் தெருவுக்கு வரவேண்டும்.

நான் ஞானஸ்நானம் வாங்கியவன் அல்ல. ஆனால் எங்கள் தெருவில் பாதிச் சனம் வேதக்காரர்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் வேதக்காரன், தம்பி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவன், தங்கச்சி புருசன் பவுத்தம் பேசுகிறவன் என்று இருப்பதும் உண்டு. சின்ன வயதில் எங்களுக்கு டிசம்பர் என்றால் மூங்கில் சிம்புதான். அதை வளைத்துக் கட்டி, கலர்த்தாள் ஒட்டி, உள்ளே குண்டு பல்பைத் தொங்கவிட்டால் தெருவிலேயே உயரமான வேப்பமரத்தில் நட்சத்திரம் ஏறும். ராத்திரி பத்து மணிக்கு மேல் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு பஜனை கிளம்பும். ஆர்மோனியம், டோலக்கு, சில வருசம் நம்ம தப்பும் கூடவே போகும். அடுத்த சேரிக்குப் போகவேண்டுமானால் ஊர்த்தெரு வழியாகத்தான் போகவேண்டும். எங்கள் தாத்தாமார் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்த தெரு அது. வருசத்தில் ஒரு வாரம் அந்தத் தெருவில் நம்ம சனங்கள் விளக்கைத் தூக்கிப் பிடித்து, வாய்விட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். பக்தி அதில் இருந்தது. இந்தத் தெரு எங்களுக்கும் உண்டு என்ற பேச்சும் அதில் இருந்தது. விடிந்தால் அதிரசமும் முறுக்கும் தட்டில் வைத்து மூடி, வேதத்தில் சேராத வீடுகளுக்கும் வரும். பொங்கலுக்கு அந்தத் தட்டு வெறுமனே திரும்பாது.

இதில் சில காலத்தோடு போயின. தபால்காரர் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்த வாழ்த்து அட்டையைச் செல்போன் தின்றுவிட்டது. பெட்ரோமாக்ஸ் போய் சீரியல் பல்பு வந்தது. அதற்கெல்லாம் அழுவதற்காக நான் தலையங்கம் எழுதவில்லை. கட்டுவதற்கு ஆள் இருந்தும், கையில் காசு இருந்தும், கட்டாமல் விடப்பட்ட நட்சத்திரங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சில வருசங்களுக்கு முன்னால் ஒரு டிசம்பரில், கூட்ட வேலையாக வட மாவட்டத்துச் சேரி ஒன்றுக்குப் போயிருந்தேன். எப்போது போனாலும் சோறு போடுகிற அக்கா வீட்டில் வாசல் இருட்டாகக் கிடந்தது.

“என்னக்கா, ஸ்டாரு கட்டலியா?”

“கட்டலப்பா. பெரியவனுக்கு சர்ட்டிபிகேட் எழுதிப் போட்டிருக்கோம். ஆபீசுலேர்ந்து எப்ப வேணாலும் வந்து பாப்பாங்களாம். வாசல்ல ஸ்டாரப் பாத்துட்டு வேதக்காரன்னு எழுதிட்டுப் போயிட்டா எம்புள்ள படிப்பு என்னாவறது?”

உள்ளே, படம் மாட்டியிருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. பையனுக்கு இரண்டு பெயர். கோயிலில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று. கிளம்பும்போது, ‘கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கா’ என்றேன். ‘மெதுவாச் சொல்லுப்பா’ என்றார் அவர்.

ஒரு பண்டிகை வாழ்த்தை மெதுவாகச் சொல்லவேண்டிய நிலை எப்படி வந்தது? அந்த அக்காவின் கோழைத்தனம் என்று சொல்லிவிட்டுப் போகமுடியாது. இந்த நாட்டின் சட்டம் அவரிடம் கேட்ட விலை அது.

1950 சனவரி 26இல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 25ஆவது பிரிவு, எந்த மதத்தையும் தடையின்றி வெளிப்படையாக ஏற்றுக்கூறவும், கடைப்பிடிக்கவும், பரப்பவும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்கிறது. ஏழு மாதம்கூட ஆகவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டு 10இல் குடியரசுத் தலைவர் ஆணை ஒன்று வந்தது. யார் யார் பட்டியல் சாதியினர் என்று வரையறுத்த ஆணை. அதன் மூன்றாம் பத்தி, இந்து மதம் அல்லாத வேறு மதத்தை ஏற்றுக்கூறுகிற எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பவுத்தருக்கும் கதவு திறந்தார்கள். கிறிஸ்தவத் தலித்தும் முஸ்லிம் தலித்தும் இன்றைக்கும் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறார்கள். ஆகஸ்டு 10ஐ அவர்கள் கருப்பு நாளாகக் கடைப்பிடிப்பது இதனால்தான்.

மாணவத் தோழர்கள் இந்த இரண்டின் ஆங்கில மூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே வினைச்சொல் இருக்கிறது. ‘புரொபஸ்’. அரசியல் சட்டத்தில் அந்தச் சொல் உரிமையைக் கொடுக்கிறது. ஆணையில் அதே சொல் உரிமையைப் பறிக்கிறது. எல்லோருக்கும் உரிமையாக இருக்கிற ஒரு காரியம், தலித் செய்தால் மட்டும் தண்டனைக்கு உரியதாகிவிடுகிறது. இந்தச் சூட்சுமத்தைத்தான் நான் பார்ப்பனியம் என்கிறேன். பூணூல் போட்டுக்கொண்டு எதிரே வந்து நின்றால்தான் பார்ப்பனியம் என்றில்லை. அரசாணையின் ஒரு பத்திக்குள் ஒரு வினைச்சொல்லாகவும் அது உட்கார்ந்திருக்கும்.

‘புரொபஸ்’ என்றால் என்ன என்பதையும் உச்சநீதிமன்றம் 1960களிலேயே சொல்லிவிட்டது. மராட்டியத்தில் மேஷ்ராம் என்பவர் தனித்தொகுதியில் வென்றார். அவர் பவுத்தத்துக்கு மாறிவிட்டவர், பட்டியல் சாதி அல்ல என்று பஞ்சாப்ராவ் என்பவர் வழக்குப் போட்டார். அந்தச் சொல்லுக்கு, மற்றவர்கள் அறியும்படி வெளிப்படையாகத் தெரிவிப்பது என்று நீதிமன்றம் பொருள் சொன்னது. மேஷ்ராமின் வெற்றி செல்லாமல் போனது. ஆக, மனசுக்குள் நீ எதைக் கும்பிடுகிறாய் என்பது அரசுக்கு முக்கியமில்லை. வெளியே என்ன சொன்னாய், எதைக் காட்டினாய் என்பதுதான் கேள்வி. வாசலில் தொங்குகிற காகித நட்சத்திரம் ஒரு சாட்சி. தெருவில் உரக்கச் சொல்லும் வாழ்த்து ஒரு வாக்குமூலம். அந்த அக்கா சட்டம் படிக்கவில்லை. ஆனால் சட்டத்தை உச்சநீதிமன்றம் புரிந்துகொண்ட அளவுக்கு அவரும் புரிந்து வைத்திருக்கிறார்.

1985இல் சூசை வழக்கு வந்தது. சூசை சென்னையில் தெருவோரத்தில் செருப்புத் தைத்தவர். பட்டியல் சாதிச் செருப்புத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதே தோலை அதே ஊசியால் தைத்த இந்துத் தொழிலாளிக்குக் கிடைத்தது, சூசைக்குக் கிடைக்கவில்லை. மதம் மாறிய பிறகும் அதே இழிவும் அதே கொடுமையும் தொடர்கின்றன என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டவில்லை என்று சொல்லி உச்சநீதிமன்றம் மனுவைத் தள்ளியது. செருப்புத் தைக்கிறவன் ஆய்வறிக்கை எழுதிக்கொண்டு வரவேண்டுமாம்! நடுத்தெருவில் உட்கார்ந்து ஊரான் செருப்பை மடியில் வைத்துத் தைப்பதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்?

பிறகு வந்த காலத்தையும் பாருங்கள். ஒரு பெண் மருத்துவர். பிறப்பால் பட்டியல் சாதி, கணவர் கிறிஸ்தவர். அவருடைய மருத்துவமனைச் சுவரில் சிலுவை தொங்குவதைப் பார்த்துவிட்டு அதிகாரிகள் சாதிச் சான்றிதழை ரத்து செய்துவிட்டார்கள். சிலுவை மாட்டியிருப்பதாலோ தேவாலயத்துக்குப் போய்வருவதாலோ ஒருவர் மதம் மாறிவிட்டார் என்று ஆகாது என்று 2021இல் சென்னை உயர்நீதிமன்றம் அதிகாரிகளின் குறுகிய புத்தியைக் கண்டித்து, சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் சுவரில் தொங்கும் சிலுவையைக் கணக்கெடுத்து எழுதுகிற அதிகாரி ஒருவர் இந்த நாட்டில் இருக்கிறார் என்பதற்கும் அந்த வழக்கே சாட்சி. 2024 நவம்பரில் வேறொரு பெண்ணின் வழக்கில், ஞானஸ்நானம் பெற்றுத் தேவாலயத்துக்குத் தொடர்ந்து போய்வருகிறவர் இந்து என்று சொல்லி இடஒதுக்கீடு கேட்பது அரசியல் சட்டத்தையே ஏமாற்றுவதாகும் என்று உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025இல் ஆந்திர உயர்நீதிமன்றம், கிறிஸ்தவப் பாதிரியாகிவிட்ட ஒருவர் தன்னைச் சாதி சொல்லித் திட்டினார்கள், அடித்தார்கள் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கமுடியாது என்றது. அடிக்கிறவன் ஞானஸ்நான ரிஜிஸ்தரைப் பார்த்துவிட்டா அடிக்கிறான்? அவன் தெருவைப் பார்த்து அடிக்கிறான். சட்டம் மட்டும் ரிஜிஸ்தரைப் பார்க்கிறது.

இது ஒரு கை. சத்தமில்லாமல் காகிதத்தால் வாயைப் பொத்துகிற கை. இன்னொரு கையில் தடி இருக்கிறது.

1998 கிறிஸ்துமஸ் நாளில் குஜராத்தின் டாங்ஸ் மாவட்டத்தில் இந்து ஜாக்ரன் மஞ்ச் ஊர்வலம் நடத்தியது. தொடர்ந்து பழங்குடிக் கிறிஸ்தவர்களின் சிறுசிறு ஜெபக்கூடங்கள் கொளுத்தப்பட்டன. 1999 சனவரியில் நேரில் போய்ப் பார்த்த பிரதமர் வாஜ்பாய், மதமாற்றம் பற்றித் தேசிய விவாதம் வேண்டும் என்றார். கொளுத்தியவனை விட்டுவிட்டு, கொளுத்தப்பட்டவன் ஏன் ஜெபம் செய்தான் என்று விசாரிக்கச் சொன்னார். அந்த மாதம் முடிவதற்குள் ஒரிசாவின் மனோகர்பூரில் கிரகாம் ஸ்டெய்ன்சும் அவருடைய இரண்டு சிறு பிள்ளைகளும் வண்டிக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள்.

2007 டிசம்பர் 24. அதே ஒரிசாவில் கந்தமால் மாவட்டம். பிராமணிகாவ் கடைத்தெருவில் கிறிஸ்துமசுக்காகப் போட்ட பந்தலையும் அலங்காரத்தையும் எதிர்த்துத் தொடங்கிய கலவரம், அந்தப் பண்டிகை வாரம் முழுவதும் தேவாலயங்களையும் வீடுகளையும் எரித்தது. 2008 ஆகஸ்டில் லட்சுமணானந்த சரஸ்வதி மாவோயிஸ்டுகளால் கொல்லப்பட்டதைச் சாக்காக வைத்து மறுபடி எரித்தார்கள். அரசுக் கணக்கிலேயே ஏறத்தாழ 40 பேர் செத்தார்கள். 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் காட்டுக்கும் முகாமுக்கும் ஓடினார்கள். யார் இந்தக் கிறிஸ்தவர்கள்? பெரும்பாலும் பாணா என்கிற தலித் சாதியினர். கொஞ்சம் படித்து, கொஞ்சம் கடை வைத்து, நிமிர்ந்து நடக்கத் தொடங்கியவர்கள். கடைத்தெருவின் நடுவில் பாணாக்காரன் பந்தல் போடுவதா என்பதுதான் அங்கே ஆத்திரத்தின் வேர். பத்திரிகைகள் மதக்கலவரம் என்று எழுதின. நாம் அதைச் சாதிக்கலவரம் என்றும் படிக்கவேண்டும்.

2017 டிசம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சத்னாவில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடப்போன குருமாணவர்களை மதம் மாற்ற வந்தவர்கள் என்று கும்பல் மறித்தது. போலீஸ் பாடியவர்களைக் காவல்நிலையத்தில் உட்கார வைத்தது. அவர்களைப் பார்க்கப்போன பாதிரிகளின் கார் வெளியே கொளுத்தப்பட்டது. அதே மாதம் உத்தரப்பிரதேசத்தின் அலிகாரில், பள்ளிகள் கிறிஸ்துமஸ் கொண்டாடக்கூடாது என்று மிரட்டல் விட்டார்கள். 2021 கிறிஸ்துமசின்போது ஆக்ராவில் கிறிஸ்துமஸ் தாத்தா பொம்மையை எரித்தார்கள். அரியானாவின் பட்டோடியில் பள்ளி வளாகத்தில் நடந்த விழாவுக்குள் புகுந்து நிறுத்தினார்கள். அம்பாலாவில் இயேசு சிலையை உடைத்தார்கள்.

இந்தச் சம்பவங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. பந்தல், பாட்டு, பொம்மை, சிலை, பள்ளிக்கூட நாடகம். எல்லாமே வெளியே தெரிகிறவை, காதில் விழுகிறவை. ‘உன் வீட்டுக்குள்ள கும்பிட்டுக்கோ, வெளியே காட்டாதே’ என்பதுதான் சொல்லப்படுகிற செய்தி. சான்றிதழ் அதிகாரி காகிதத்தில் சொல்வதும் இதே வாக்கியம்தான். ஒருவர் தடியோடு சொல்கிறார், ஒருவர் முத்திரையோடு சொல்கிறார்.

2014இல் மத்திய அரசு டிசம்பர் 25ஐ ‘நல்லாட்சி நாள்’ என்று அறிவித்தது. வாஜ்பாயின் பிறந்தநாளாம். டாங்ஸ் ஜெபக்கூடங்கள் எரிந்தபோது மதமாற்ற விவாதம் கேட்டவரின் பெயரால் அந்த எரிந்த நாளுக்கே வேறு பெயர். எல்லோருக்கும் விடுமுறையாக இருந்த நாளைக் கொஞ்சம் கொஞ்சமாக அரசு நாளாக மாற்றுகிறார்கள். ஒரு பண்டிகையை ஒழிக்கத் தடை போடவேண்டிய அவசியமில்லை. அதன்மேல் இன்னொரு பலகையை மாட்டினாலே போதும்.

ஆனால் டிசம்பர் 25 கிறிஸ்தவர்களின் நாள் மட்டும்தானா? தலித் விடுதலை பேசுகிற நமக்கு அந்த நாளோடு வேறு இரண்டு உறவு இருக்கிறது. 1927 டிசம்பர் 25இல் மகாத் நகரில் அம்பேத்கரும் தோழர்களும் மனுஸ்மிருதியை எரித்தார்கள். அந்த மாநாட்டுக்குப் பந்தல் போட ஊரில் யாரும் இடம் தரவில்லை. கடைசியில் முஸ்லிம் ஒருவர்தான் தன் நிலத்தைக் கொடுத்தார். 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காக 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். உலகம் முழுக்கத் தேவாலய மணி அடித்த ராத்திரி அது. 1973இல் உயர்நீதிமன்றம் பண்ணையார்களை விடுதலை செய்தது.

மகாத்தில் கேட்டது பொதுக்குளம். வெண்மணியில் கேட்டது கூலியும் கொடி ஏற்றும் உரிமையும். கந்தமாலில் கேட்டது கடைத்தெருவில் ஒரு பந்தல். கேட்டவர்களின் மதம் வேறு, கட்சி வேறு. மறுத்தவனின் நியாயம் ஒன்றே: ‘நீ பொதுவில் வராதே’. ஆகவே கிறிஸ்துமஸ் தெருவிலிருந்து பின்வாங்குவதை வேதக்காரர்களின் தனிக்கவலை என்று விட்டுவிடமுடியாது. ஒரு சேரி தன் நட்சத்திரத்தை இறக்கினால், அடுத்து அம்பேத்கர் படத்தை இறக்கச் சொல்வார்கள். பல ஊரில் சிலைக்குக் கம்பிக்கூண்டு போட்டாகிவிட்டது, தெரியும்தானே.

இதுவரை வெளியே இருப்பவனைச் சொன்னேன். இனி திருச்சபைக்குள் இருப்பவர்களிடமும் பேசவேண்டும்.

கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்பது அரசின் வாதம். அதனால் சலுகை தேவையில்லையாம். அது பொய் என்று ஆயர்கள் நீதிமன்றத்தில் வாதாடுகிறார்கள். ரொம்ப சரி. ஆனால் அதற்கான ஆதாரத்தை அவர்களுடைய பங்குகளிலேயே எடுக்கலாம். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்த பிணங்களுக்கு நடுவில் எழுப்பிய சுவரை நாடு அறியும். எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் பிணத்தைப் பொதுத்தெரு வழியாகக் கோயிலுக்குக் கொண்டுபோக முடியாது என்று பல காலம் முறையிட்டு, கடைசியில் தனிப்பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சு 9இல் ஆதிக்கசாதிக் கிறிஸ்தவர்கள் அவர்களுடைய வீடுகளைத் தாக்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு உயிர் போனது. திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையத்துத் தலித் கிறிஸ்தவர்கள் தங்கள் பங்கில் தீண்டாமை நடக்கிறது என்று வழக்குப்போட்டு, 2025 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அதற்கு விளக்கம் கேட்கும்வரை போகவேண்டியிருந்தது. 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கை, 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்று ஒப்புக்கொண்டது. தீண்டாமை திருச்சபைக்குள் இருக்கிறது என்றும் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதோடு சரி.

பயமான காலம், பவனியெல்லாம் காம்பவுண்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று சில பங்குத்தந்தைகள் இப்போது அறிவுரை சொல்கிறார்கள். உயிருக்குப் பயந்து சொல்வதை நான் கேலி செய்யவில்லை. ஆனால் அந்தக் காம்பவுண்டு யாருடையது? காலம்காலமாக எந்தத் தேர் சேரிக்குள் வரவில்லையோ, எந்தச் சப்பரம் ஊர்த்தெருவோடு திரும்பிப்போனதோ, அந்தத் தேர் நிற்கிற காம்பவுண்டு. காவிக் கும்பல் பந்தலைப் பிரித்தால் மதச் சுதந்திரம் பறிபோகிறது என்று அறிக்கை விடுகிறவர்கள், தங்கள் தேரைச் சேரித் தெருவுக்குத் திருப்பாதவரை அந்த அறிக்கையில் பாதி உண்மைதான் இருக்கும். கிறிஸ்துமஸ் தெருவிலிருந்து இறங்குவதற்கு வெகுநாள் முன்பே நம்ம தெருவுக்கு வராமல் நின்ற கிறிஸ்துமசும் உண்டு என்பதை மறக்கமுடியாது.

விவிலியக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். சூசையும் மரியாளும் பெத்லகேமுக்கு எதற்குப் போனார்கள்? அரசன் குடிமதிப்புப் பதியச் சொன்னான் என்றுதான். நிறைமாதக் கர்ப்பிணியைக் கூட்டிக்கொண்டு, பெயரைப் பதிவுசெய்ய ஊர்விட்டு ஊர் போன கூலிக்குடும்பம் அது. சத்திரத்தில் இடமில்லை. மாட்டுக்கொட்டிலில்தான் பிள்ளை பிறந்தது. சேதி முதலில் போனது ராத்திரிக் கிடைகாவல் காத்தவர்களுக்கு. தாலுக்கா ஆபீசு வராந்தாவில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நிற்கிற நம்ம சனத்துக்கு இதில் புரியாதது என்ன இருக்கிறது? ஆயர்களுக்குத்தான் யாராவது விளக்கவேண்டும்.

கடைசியாக நமக்குள்ளேயே ஒரு பேச்சு. ‘வேதக்காரனையும் பட்டியலில் சேத்தா நம்ம பங்கு கொறஞ்சிடுமேப்பா’ என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். இது பொய்யான கவலை என்று நான் தட்டிக்கழிக்கமாட்டேன். இருக்கிற இடமே நிரப்பப்படாமல் கிடக்கிற நாட்டில் இந்தக் கவலை நியாயமானது. ஆனால் அதற்குப் பதில் ஒதுக்கீட்டின் அளவைக் கூட்டக் கேட்பது. தம்பியை வெளியே நிறுத்துவது பதில் ஆகாது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், பட்டியல் சாதித் தகுதியை மதத்தோடு முடிச்சுப்போடக்கூடாது என்று பரிந்துரைத்தது. 2004இல் தொடுத்த வழக்கு உச்சநீதிமன்றத்தில் இருபது வருசத்துக்கு மேல் இழுத்தடிக்கப்பட்டது. 2022இல் மத்திய அரசு கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டு, அதன் காலத்தையும் நீட்டிக்கொண்டே போனது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம், மதம் மாறிய ஆதிதிராவிடருக்கும் பட்டியல் சாதி உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். அங்கே நிலமும் ஆலையும் வைத்திருக்கிற சாதிகளோடு போட்டி போடவேண்டும். தனித்தொகுதியில் நிற்கமுடியாது. அடிபட்டால் வன்கொடுமைச் சட்டம் கிடையாது. பெயரை மாற்றி, படத்தை இறக்கி, வாழ்த்தை முணுமுணுத்து வாழ்வது இதனால்தான். அவர்களை ‘இரட்டை வேடக்காரர்கள்’ என்று திட்டுகிறவர்கள், அந்த வேடத்தைத் தைத்துக் கொடுத்தவனைத் திட்டட்டும்.

என்ன செய்யலாம்? நான் நினைப்பதைச் சொல்கிறேன்.

ஒன்று, 1950 ஆணையின் மூன்றாம் பத்தியை நீக்கவேண்டும் என்ற கோரிக்கையைத் தேவாலயத்துக் கோரிக்கையாக விட்டுவைக்காமல் எல்லாத் தலித் அமைப்புகளும் எடுக்கவேண்டும். கிறிஸ்தவரோடு முஸ்லிம் தலித்துகளையும் சேர்த்தே கேட்கவேண்டும்.

இரண்டு, 2027 குடிக்கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று 2025இல் அறிவித்தார்கள். கணக்கெடுக்க வருகிறவரிடம் நம்ம சனங்கள் எதைச் சொல்வது, எதைப் பயந்து மறைப்பது என்ற குழப்பம் சேரிகளில் இருக்கிறது. மாணவத் தோழர்கள் ஊர் ஊராகப் போய், சட்டம் என்ன சொல்கிறது, எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசவேண்டும். சான்றிதழ் ரத்தானவர்களின் விவரத்தைத் திரட்டவேண்டும். வழக்கறிஞர் தோழர்கள் 2021 தீர்ப்பைக் கையில் வைத்திருக்கவேண்டும்.

மூன்று, திருச்சபைத் தலைவர்கள் அடுத்த அறிக்கைக்கு முன்னால் தங்கள் தேரைத் திருப்பவேண்டும். கல்லறைச் சுவரை இடிக்கவேண்டும். அதற்கு ஆகஸ்டு 10இல் மட்டும் கருப்புக்கொடி பிடித்தால் போதாது.

நான்கு, டிசம்பர் 25 சாயங்காலம். சேரியில் சான்றிதழுக்குப் பயப்படத் தேவையில்லாதவர்கள் இருக்கிறார்கள். என்னைப்போல வேதத்தில் சேராதவர்கள், பவுத்தர்கள், கடவுளே இல்லை என்கிறவர்கள். நட்சத்திரத்தை நாம் கட்டுவோம். அம்பேத்கர் மன்றத்தில் கட்டுவோம். படிப்பகத்து வாசலில் கட்டுவோம். தெருவில் இருக்கிற நட்சத்திரம் யாருடையது என்று ஆபீசுக்காரன் கேட்டால், தெருவுடையது என்று சொல்வோம். மகாத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டு, வெண்மணித் தோழர்களுக்கு எழுந்து நின்று அஞ்சலி செலுத்திவிட்டு, வேதக்காரத் தங்கச்சிகள் பாடட்டும். தப்பு அடிக்கிற அண்ணன் அடிக்கட்டும். ஊர்த்தெரு வழியாகவே போய்வருவோம். எல்லோருடைய தெருவாகவும் இருக்கும்போது, தனியாக எந்த வீட்டுச் சுவரையும் எந்த அதிகாரியும் எட்டிப்பார்த்து எழுத முடியாது.

அன்றைக்கு அதிரசத் தட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு வாழ்த்தை உரக்கவே சொல்லுங்கள். கடைத்தெரு வரைக்கும் கேட்கட்டும்.